ஊருக்கு ‘டீச்சர்’, அரசாணைக்கு ‘பணியாளர்’: மழலையர் கல்வி டிப்ளமோ படித்தால் எங்கே போகலாம்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் நடந்தால் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். அப்பா குழித்தறியில் உட்கார்ந்திருப்பார், அம்மா தார் சுற்றிக்கொண்டிருப்பார். வீடுதான் பட்டறை. மூன்று வயதுக் குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருக்கும்? பல வீடுகளில் இதற்கான பதில், தெருமுனையில் இருக்கும் பால்வாடி.

அங்கே குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் நிறமும் எண்ணும் சொல்லிக்கொடுப்பவரை ஊரே ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் அரசாணையில் அவர் ‘அங்கன்வாடிப் பணியாளர்’. சம்பளம், படிப்பு, பதவி உயர்வு எல்லாமே இந்த ஒரு வார்த்தை வித்தியாசத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அதே தெருவில் பிளஸ் 2 முடித்த ஒரு பெண் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைகள் என்றால் அவருக்கு உயிர். ‘ஒரே வருஷத்தில் டீச்சர் ஆகலாம்’ என்று ஒரு விளம்பரம் மொபைலில் வருகிறது. பக்கத்திலேயே ஒரு சமுதாயக் கல்லூரியில் மழலையர் கல்வி டிப்ளமோ இருப்பதாக யாரோ சொல்கிறார்கள். சேரலாமா? சேர்ந்தால் என்ன கிடைக்கும்?

சமுதாயக் கல்லூரி என்றால் என்ன?

கலைக் கல்லூரிக்குப் போக முடியாதவர்களுக்கும், படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும், உள்ளூரிலேயே குறைந்த செலவில் வேலைக்கான படிப்பைத் தருவதுதான் சமுதாயக் கல்லூரி. இந்தியாவில் இந்த முயற்சி தொடங்கியதே நம்ம பக்கம்தான். 1995-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே சென்னையில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. பிறகு தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம், இக்னோ என்று பலரும் இந்த வழியில் சான்றிதழ் கொடுத்தார்கள். யு.ஜி.சி.யும் தனித் திட்டம் கொண்டுவந்தது. தையல், மருத்துவ உதவியாளர், கணினி என்று போகும் இந்தப் படிப்புகளின் வரிசையில் மழலையர் கல்விக்கும் ஓர் இடம் உண்டு.

பெரும்பாலும் 6 மாதம் அல்லது ஒரு வருடப் படிப்பு. குழந்தை வளர்ச்சி, சத்துணவு, விளையாட்டு வழிக் கற்றல் என்று பாடங்கள் இருக்கும். பிறகு ஒரு மழலையர் பள்ளியில் நேரடிப் பயிற்சி. படிப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. சிக்கல் தொடங்குவது சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான்.

டிப்ளமோ கையில் இருந்தால் எத்தனை கதவு திறக்கும்?

*முதல் கதவு, தனியார் ப்ளே ஸ்கூல்.* இது சுலபமாகத் திறக்கும். ஆனால் சம்பளம் எவ்வளவு என்பது பள்ளி நிர்வாகமும் நீங்களும் பேசி முடிவு செய்வதுதான்.

*இரண்டாவது கதவு, அங்கன்வாடி.* தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. 2025-ல் 7,783 இடங்களை நிரப்ப அரசு முடிவு செய்தது. அதில் 3,886 இடங்கள் அங்கன்வாடிப் பணியாளருக்கானவை. கேட்கப்பட்ட தகுதி பிளஸ் 2 தேர்ச்சி. வயது 25 முதல் 35 வரை, சில பிரிவினருக்குத் தளர்வு உண்டு. உள்ளூர்க்காரராகவும் இருக்க வேண்டும். முதல் வருடம் மாதம் ரூ.7,700 தொகுப்பூதியம், அதன் பிறகு ஊதிய விகிதம்.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, மழலையர் கல்வி டிப்ளமோ இந்த வேலைக்குக் கட்டாயத் தகுதியே இல்லை. இரண்டு, 18 வயதில் பிளஸ் 2, 19-ல் டிப்ளமோ முடித்த பெண் விண்ணப்பம் போடவே இன்னும் 6 வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனால், அந்த ஊர்க்காரர் என்று காட்டி அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

*மூன்றாவது கதவு, அரசுப் பள்ளி ஆசிரியர்.* இது இந்த டிப்ளமோவுக்குத் திறக்கவே திறக்காது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பாடம் எடுக்க, தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ. அங்கீகரித்த இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும், ஆசிரியர் தகுதித் தேர்வான ‘டெட்’ முதல் தாளில் தேர்ச்சியும் வேண்டும். தொடக்க வகுப்புகளுக்கு பி.எட். செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மழலையர் கல்விக்கென்றே டி.பி.எஸ்.இ. என்ற இரண்டு ஆண்டுப் பட்டயம் என்.சி.டி.இ. விதிகளில் இருக்கிறது. ஆனால் சமுதாயக் கல்லூரியில் படித்த ஒரு வருடத்தைக் கழித்துக்கொண்டு அதன் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரும் வழி இல்லை. மறுபடி முதலிலிருந்துதான்.

ஏன் இப்படி?

காரணம், நம் சட்டத்தில் ‘ஆசிரியர்’ ஆறு வயதில்தான் பிறக்கிறார். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான். அதற்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு அரசு ஏற்பாடு ‘செய்யலாம்’ என்கிறது 11-வது பிரிவு. ‘செய்ய வேண்டும்’ என்று சொல்லவில்லை. 3 முதல் 6 வயது வரையிலான முன்பருவக் கல்வியை 1975 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஐ.சி.டி.எஸ். திட்டம் பார்த்துக்கொள்கிறது. அது கல்வித் துறையின் கீழ் வராது, சமூக நலத் துறை. இரண்டு துறைகளுக்கு நடுவில் ஒரு குழந்தையின் மூன்று வருடம் நிற்கிறது.

2019 ஜனவரியில் இந்த இடைவெளியை மூட ஒரு முயற்சி நடந்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். ஆனால் அதற்கென்று தனி ஆசிரியர் பணியிடத்தை உருவாக்கவில்லை. இடைநிலை ஆசிரியர்களை மாற்றிவிட்டார்கள். 2022-ல் அவர்களைத் திரும்ப அழைத்தபோது குழப்பம். எதிர்ப்பு வந்த பிறகு தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க முடிவானது. மாதம் எவ்வளவு தெரியுமா? ரூ.5,000.

அதே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. அங்கே நடப்பது முன்பருவக் கல்வி, அது கல்வி உரிமைச் சட்டத்தின் 11-வது பிரிவு சொல்லும் வேலைதான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதாவது, நீதிமன்றம் பார்த்ததை நிர்வாகம் இன்னும் பார்க்கவில்லை.

மற்ற இடங்களில் எப்படி?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே மழலையர் கல்வியில் வேலைக்குச் சேரும் பலரும் கம்யூனிட்டி காலேஜ் வழியாகத்தான் வருகிறார்கள். மழலையர் கல்வியில் 12 யூனிட் பாடம் முடித்தால் துணை ஆசிரியர் அனுமதிச் சான்று. அதையே 24 யூனிட்டாக்கி, பொதுப் பாடங்களில் 16 யூனிட்டும் பணி அனுபவமும் சேர்த்தால் ஆசிரியர் சான்று. பிறகு அதே மதிப்பெண்களை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். அங்கேயும் இந்த வேலைக்குச் சம்பளம் குறைவு என்ற புலம்பல் இருக்கிறது. ஆனால் ஏறிய படி எதுவும் வீணாகாது.

நமக்கு இந்த அறிவு புதிதில்லை. மரியா மாண்டிசோரி 1939-லேயே அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஐ.சி.டி.எஸ். திட்டத்துக்கு அடித்தளமான 1972 அறிக்கையைத் தந்த குழுவுக்குத் தலைமை வகித்தவர், பின்னர் சென்னையில் வாழ்ந்த மீனா சுவாமிநாதன். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று அங்கன்வாடிக்கென்றே நம்மிடம் பாடத்திட்டமும் இருக்கிறது. இல்லாதது, படிகளை இணைக்கும் ஓர் ஏற்பாடு மட்டும்தான்.

அரசு என்ன செய்யலாம்?

பெரிய பட்ஜெட் வேண்டாம், மூன்று முடிவுகள் போதும். அங்கன்வாடித் தேர்வில் மழலையர் கல்வி டிப்ளமோவுக்குத் தனி மதிப்பெண் கொடுங்கள். அந்த டிப்ளமோ வைத்திருப்பவருக்கு 25 வயது நிபந்தனையைத் தளர்த்துங்கள். சமுதாயக் கல்லூரியில் முடித்த பாடங்களை டி.பி.எஸ்.இ. படிப்பில் கணக்கில் எடுக்கும்படி என்.சி.டி.இ.யிடம் மாநில அரசு கேட்கட்டும். தேசியக் கல்விக் கொள்கையில் நமக்கு ஆயிரம் முரண்பாடு இருக்கலாம். ஆனால் அங்கன்வாடிப் பணியாளருக்கு 6 மாதச் சான்றிதழ் அல்லது ஒரு வருட டிப்ளமோ பயிற்சி வேண்டும் என்று அது சொல்வதை நம் சமுதாயக் கல்லூரிகளை வைத்தே நாம் செய்து காட்டலாம்.

சேரும் முன் நீங்கள் கேட்க வேண்டியவை

1. சான்றிதழ் கொடுப்பது யார்? பல்கலைக்கழகமா, ஏதோ ஓர் அறக்கட்டளையா? ‘அரசு அங்கீகாரம்’ என்று சொன்னால் எந்த அரசு, எந்த ஆணை என்று கேளுங்கள்.

2. என்.சி.டி.இ. அங்கீகாரம் உண்டா? இல்லை என்றால் அந்தச் சான்றிதழை வைத்து ‘டெட்’ எழுத முடியாது. ‘எழுதலாம்’ என்று யாராவது வாயால் சொன்னால், எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

3. நேரடிப் பயிற்சி எத்தனை வாரம், எந்தப் பள்ளியில்?

4. அரசுப் பள்ளி ஆசிரியர்தான் உங்கள் கனவா? அப்படியென்றால் இந்த டிப்ளமோவில் ஒரு வருடத்தைச் செலவழிக்காமல் நேராகத் தொடக்கக் கல்விப் பட்டயத்துக்கே போங்கள். பிளஸ் 2-வில் 50 சதவீத மதிப்பெண் தேவை, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குச் சலுகை உண்டு.

1990-களில் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் வேலை பார்த்தது நாடு முழுக்கப் பேசப்பட்ட விஷயம். அந்தக் குழந்தைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளியில் உட்கார வைக்கப் பல வருடம் ஆனது. அடுத்த தலைமுறையைப் பள்ளிக்குப் பழக்கும் முதல் இடம், தெருமுனையில் இருக்கும் அந்த ஒற்றை அறைதான். அதற்குள் நிற்பவரைக் குழந்தைகள் ஏற்கெனவே ‘டீச்சர்’ என்று கூப்பிடுகிறார்கள். அரசாணையும் அப்படியே கூப்பிடட்டும்.