ஹோல்டுல ஓடுற பாட்டுக்கு யாரு காசு கொடுத்தா?

1/ மக்களே, ஒரு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடுறீங்க. "கொஞ்சம் லைன்ல இருங்க"ன்னு சொன்னதும் ஒரு சினிமா பாட்டு ஓடுது. ஜவுளிக்கடை, கோச்சிங் சென்டர், எல்லா இடத்திலும் இதேதான். அந்தப் பாட்டை எழுதினவருக்கு இதுக்காக ஒரு ரூபாயாவது போச்சான்னு என்னைக்காவது கேட்டிருக்கோமா?

2/ காலர் ட்யூன் வேற, இது வேற. காலர் ட்யூன் நெட்வொர்க் கம்பெனி தர்ற சேவை. பாட்டுக்கு உரிமம் வாங்குறது அவங்க பொறுப்பு. ஹோல்டு மியூசிக் உங்க ஆபீஸ் இன்டர்காம் பெட்டியில நீங்க ஏத்தி வைக்கிறது. பொறுப்பும் உங்களோடதுதான்.

3/ "நான்தான் மியூசிக் ஆப்புக்கு சந்தா கட்டுறேனே டாக்டர்?" அது நீங்க சொந்தமா கேட்கிறதுக்கு. தொழில் நடத்துற இடத்துல வாடிக்கையாளருக்குப் போட அது செல்லாது.

4/ நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டுக்குள்ள மூணு தனித்தனி உரிமை இருக்கு: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. முதல் ரெண்டுக்கும் ராயல்டி வசூலிக்க 1969லயே ஐபிஆர்எஸ் அமைப்பு வந்தாச்சு. ஒலிப்பதிவு உரிமை பொதுவா இசை நிறுவனத்திடம் இருக்கும்.

5/ முன்னெல்லாம் பாடலாசிரியர் ஒரே கையெழுத்துல எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுவார். 2012 சட்டத் திருத்தம்தான் அதை மாத்துச்சு. தியேட்டருக்கு வெளியே சினிமா பாட்டு பயன்பட்டா, ராயல்டியில சம பங்கு எழுதினவருக்கும் இசையமைச்சவருக்கும் உண்டு. அவங்களே நினைச்சாலும் அதை கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. மாநிலங்களவையில ஜாவேத் அக்தர் இதுக்காகப் போராடினார். சட்டம் வந்தும் நாம காசே கட்டலைன்னா, எதுல பங்கு கொடுப்பாங்க?

6/ "பழைய பாட்டுதானே?" படைத்தவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981ல். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை காலம் இருக்கு. தியாகராஜர் 1847ல் மறைந்தவர், அவர் கீர்த்தனை எல்லாருக்கும் பொது. ஆனா போன வருஷம் ஒருத்தர் வாசிச்சு வெளியிட்ட பதிவு பொது இல்லை.

7/ "அவங்களுக்கு விளம்பரம்தானே?" கல்யாண வீட்டுல என்னை ஓரமா கூப்பிட்டு, ரிப்போர்ட்டை நீட்டி "சும்மா ஒரு டவுட்"னு கேட்கிறவங்களும் இதைத்தான் சொல்றாங்க. எங்க டாக்டர்கள் அதுக்கு எவ்வளவு புலம்புவோம்! படிப்புக்கும் அனுபவத்துக்கும் மதிப்பு கேட்கிற நாங்களே, அடுத்தவர் உழைப்பை எங்க ரிசப்ஷன்ல ஓசியில ஓட்டுறது என்ன நியாயம்?

8/ ஸ்கேன் மெஷினுக்கு வருஷா வருஷம் பராமரிப்பு ஒப்பந்தம் போடுறோம். ஏசிக்குப் போடுறோம். பாட்டுன்னா மட்டும் கை சுருங்குது. காசு இல்லாம இல்ல, கேட்க ஆள் வரமாட்டாங்கங்கிற தைரியம்.

9/ கட்ட முடியலையா? பாட்டே வேண்டாம். உங்க ரிசப்ஷனிஸ்ட் குரல்லயே பதிவு பண்ணுங்க: ஓபி நேரம், எந்த ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிறு, "நெஞ்சு வலின்னா லைன்ல காத்திருக்காதீங்க, உடனே 108க்குப் போடுங்க." செலவு கிடையாது. ஒரு உயிரைக் கூட காப்பாத்தலாம்.

10/ பாட்டுதான் வேணும்னா உரிமம் வாங்குங்க. இன்டர்காம் மாட்டித் தர்றவர் "பாட்டு ஃப்ரீ சார்"னு சொன்னா, "உரிமப் பேப்பர் எங்க?"ன்னு கேளுங்க. அவர் முழிச்சா, அது அவர் கொடுக்கிற ஃப்ரீ இல்ல. பாட்டு எழுதினவர் பாக்கெட்டுல இருந்து எடுத்தது.