‘அவன்’ என்றால் எவன்?

நம் சங்கத்து இல்லங்கள் பலவற்றில் மாலை வேளையில் மாதிரி வினாத்தாள் புரட்டும் ஓசையே கேட்கிறது. பணியாளர் தேர்வாணையத்தின் பட்டதாரி நிலைத் தேர்வுக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகிறார்கள். முதற்கட்டத்தில் ஒரு மணி நேரத்தில் 100 வினாக்கள். அவற்றுள் ஆங்கிலத்துக்கு 25. சரியான விடைக்கு இரண்டு மதிப்பெண்; தவறினால் அரை மதிப்பெண் கழிவு. இதற்கு அஞ்சியே, வீட்டில் தமிழ்ப் பேச்சை நிறுத்திவிட்டோம் என்று அன்பர் சிலர் சொல்லக் கேட்கிறோம். அம்முடிவு நமக்கு உடன்பாடன்று. தாய்மொழிப் பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. பிழை காணும் வினாக்களிலேயே அதற்குக் காரணம் இருக்கிறது.

‘ராம் டோல்டு மோகன் தட் ஹிஸ் ஃபாதர் ஹேட் கம்’ என்றொரு வாக்கியம் வருகிறதென்று கொள்வோம். வந்த தந்தை யாருடைய தந்தை? இராமனுடையவரா, மோகனுடையவரா? ‘ஹிஸ்’ என்ற சொல் இருவருக்கும் பொருந்துகிறது. ஆங்கிலத் தேர்வாளர் இதனைப் பிழையென்று கொள்வர். இதே வாக்கியத்தைப் பிள்ளை மனத்துள் தமிழில் சொல்லிப் பார்க்கட்டும். ‘இராமன் மோகனிடம் தன் தந்தை வந்திருப்பதாகச் சொன்னான்’ என்றால் இராமனின் தந்தை. ‘அவனுடைய தந்தை’ என்றால் பெரும்பாலும் மோகனின் தந்தை. தமிழில் சொல்லப் புகுந்தவுடனே ‘தன்’ என்பதா, ‘அவன்’ என்பதா என்று நா தயங்குகிறது. அத்தயக்கமே பிழை இருக்குமிடத்தைக் காட்டிக்கொடுக்கும் விளக்கு. இந்திப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகளுக்கு ‘அப்னா’ என்ற சொல்லும் இவ்வுதவியைச் செய்யும். வீட்டில் தமிழ் பேசாத பிள்ளைக்கு இவற்றுள் ஒரு விளக்கு குறைந்துபோகிறது.

சரக்கு அலுவலகத்தில் பணிபுரியும் நமக்கு இது புதிய செய்தியன்று. பதிவேட்டில் ‘மேற்படி’ என்று எழுதும்போது, மேலே இரண்டு பெயர்கள் இருந்தால் எந்த மேற்படி என்ற வினா எழத்தான் செய்யும். மூட்டை ஓர் ஊருக்கும் சீட்டு வேறோர் ஊருக்கும் போய்ச் சேரும். சுட்டுச் சொல் எதுவானாலும் அது சுட்டும் பொருள் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இதைப் பற்றி நம் முன்னோரும் எண்ணியிருக்கின்றனர். ஒருவருக்கு இயற்பெயரும் சுட்டுப்பெயரும் சேர்ந்து வருமிடத்தில், சுட்டுப்பெயரை முன்னே சொல்லுதல் வழக்கன்று. செய்யுளில் மட்டும் அதற்கு இடமுண்டு என்று தொல்காப்பியக் கிளவியாக்கம் கூறுகிறது. சாத்தன் வந்தான் என்று சொன்ன பிறகே அவனுக்குச் சோறிடு என்று சொல்ல வேண்டும். ஆனால் இவ்விதியை அப்படியே ஆங்கிலத்தின் மேல் ஏற்றிவிடலாகாது. ‘வென் ஹி கேம்’ என்று தொடங்கிப் பின்னர் ‘ராம்’ என்று பெயர் சொல்லுவது அங்கே குற்றமில்லை. அதைப் பிழையென்று குறித்தால் அரை மதிப்பெண் போய்விடும்.

இனி, ஒருநிகர் அமைப்பு. ‘ஷி லைக்ஸ் ரீடிங், குக்கிங் அண்டு டு சிங்’ என்பதைத் தமிழாக்கினால், ‘படிப்பதையும் சமைப்பதையும் பாடவும் விரும்புகிறாள்’ என்று வரும். பள்ளி செல்லாத பாட்டியும் இதைக் கேட்டு முகஞ்சுளிப்பார். எண்ணும்மை ஒருமுறை ‘படிப்பதையும்’ என்று தொடங்கிவிட்டால் கடைசி வரை அவ்வடிவையே கேட்கும். ஒரு வினையைப் பல பொருளுக்கு முடிக்குஞ் சொல்லாக்கும்போதும் நம் இலக்கணம் கண்டிப்பானது. யாழும் குழலும் ஊதினார் என்னலாகாது. யாழை எவரும் ஊதுவதில்லை. இரண்டுக்கும் பொதுவான ‘இயம்பினார்’ என்ற சொல்லே வேண்டும்.

எல்லா இடத்திலும் தமிழ்ச் செவி காக்கும் என்றும் நாம் சொல்லவில்லை. ‘நாகபுரி வெயில் சென்னையைவிடக் கடுமை’ என்று நாம் தயக்கமின்றிப் பேசுகிறோம். உண்மையில் வெயிலை ஊரோடு ஒப்பிடுகிறோம். கேட்பவர் பொருளை நிரப்பிக்கொள்கிறார். ஆங்கிலத் தேர்வு அந்தச் சலுகையைத் தராது. ‘தேன் தட் ஆஃப் சென்னை’ என்று வெயிலுக்கு வெயிலை நிறுத்தியே ஆக வேண்டும். சுட்டுச் சொல்லும் ஒருநிகர் அமைப்பும் ஒரே இடத்திற் கூடுவதால் நம் பிள்ளைகள் மிகுதியும் சறுக்குவது இங்கேதான்.

தேர்வு நடத்துவோரும் இவ்விஷயத்தில் சறுக்கியதுண்டு. 2002ஆம் ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் ‘பி.எஸ்.ஏ.டி.’ தேர்வில், எழுத்தாளர் டோனி மாரிசனின் மேதைமை அவரை நாவல் படைக்க வைக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம் வந்தது. அதிற் பிழையில்லை என்பதே தேர்வுக்குழுவின் விடை. மேரிலாந்து மாநிலத்து ஆசிரியர் ஒருவர் மறுத்தார். அங்கே பெயர் வேற்றுமையுருபு ஏற்று ‘மாரிசனின்’ என்றே நிற்கிறது. ‘ஹெர்’ என்ற சுட்டு எந்தப் பெயரைப் பற்றுகிறது என்று கேட்டார். முதலில் இசையாத குழுவினர் 2003இல் அவ்வினாவை நீக்கி, மதிப்பெண்களைத் திருத்தினர். தமிழில் ‘மாரிசனின் மேதைமை அவரை’ என்பதில் குற்றங்காண்பார் இலர். ஆங்கில இலக்கணிகளுள்ளும் பலர் அவ்வாசிரியரின் விதியை ஏற்பதில்லை. நம் கருத்தும் அதுவே.

இரவு உணவுக்குப் பின் பத்து வாக்கியங்களை எடுத்துக்கொண்டு, ‘இந்தச் சொல் யாரைச் சுட்டுகிறது?’, ‘எதை எதனோடு வைத்து எண்ணுகிறார்கள்?’ என்று தமிழிலேயே வினவுங்கள். விடை சொல்லும்போது பிள்ளை அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக் காட்டட்டும். விரல் இரண்டு பெயர்களுக்கு நடுவே அலைந்தால் அவ்வாக்கியத்திற் குறியிடச் சொல்லுங்கள்.