மூன்று தரம் சொன்னால் போதுமா, தரம் வேண்டாமா?

பழைய பொருள் வாங்குவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் குடும்பத்தில் நான் பிறக்கவில்லை. அண்ணன் படித்த பாடப் புத்தகம் எனக்கு வரும், நான் படித்து முடித்தது தம்பிக்குப் போகும். சைக்கிளும் அப்படித்தான். ஆகவே பழைய பொருள் சந்தை மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அந்தச் சந்தையை இணையத்துக்குக் கொண்டுபோய், "ஏலம்" என்று பெயர் வைத்து, கமிஷனை மட்டும் எடுத்துக்கொண்டு கையைக் கழுவிக்கொள்கிறார்களே, அவர்கள் மேல்தான் கோபம்.

ஓய்வு பெற்ற பிறகு நான் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு, பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் சேர்ப்பது. பென்ஷன் பணத்தில் சின்னச் சின்னதாக வாங்குவேன். இரண்டு மூன்று ஒரே மாதிரி சேர்ந்துவிட்டால் ஒன்றை விற்பேன். இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் இரண்டு பக்கமும் இருந்து பார்த்தாகிவிட்டது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஏலம் என்றால் என்ன? ஊரில் கோயில் தோப்பில் புளியமரத்துக் காய்ப்பை ஏலம் விடுவார்கள். வங்கியில் மீட்கப்படாத நகையை ஏலம் விடுவார்கள். எந்த ஏலமாக இருந்தாலும் மூன்று விஷயங்கள் உண்டு. பொருள் கண் முன்னால் இருக்கும். கேட்கிறவன் யார் என்று தெரியும். ஏலம் விடுகிறவருக்கு ஒரு பொறுப்பு இருக்கும். "ஒரு தரம், இரண்டு தரம்" என்று அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்வது அலங்காரத்துக்கு அல்ல. இன்னும் யாராவது கேட்க விரும்பினால் கேட்கட்டும் என்று கொடுக்கும் அவகாசம் அது.

இணைய ஏலத்தில் இந்த மூன்றும் போய்விட்டன. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பொருளை எடுத்துக்கொள்வோம். எச்.எம்.டி. நிறுவனம் சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961-இல் பெங்களூரில் கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. ஜனதா, பைலட் என்று சாவி கொடுக்கும் கடிகாரங்கள் நம் தலைமுறையில் எத்தனையோ பேர் கையில் இருந்தன. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் போடுவதும் அதுதான், பரீட்சையில் தேறிய பையனுக்கு வாங்கித் தருவதும் அதுதான். 2016-இல் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இனி வராது என்று தெரிந்த பொருளுக்கு விலை ஏறுவது இயற்கை. விலை ஏறிய பொருளுக்குப் போலி வருவதும் இயற்கை.

இந்தப் போலி, முழுப் போலி அல்ல. உள்ளே இருக்கும் இயந்திரம் எச்.எம்.டி.தான். மேலே முகப்புத் தகட்டைச் சுரண்டிவிட்டு புதுப் பெயின்ட் அடித்து, எழுத்துகளை மறுபடி அச்சடித்திருப்பார்கள். முள் ஒரு கடிகாரத்திலிருந்து, கூடு இன்னொன்றிலிருந்து. வெளிநாட்டு சேகரிப்பாளர்கள் இந்த ரகத்துக்கு "மும்பை ஸ்பெஷல்" என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டுக்குக் கிடைத்த பெருமை! கையில் வாங்கி பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எழுத்தின் ஓரம் ஊறியிருக்கும், நிமிடக் கோடுகள் விளிம்போடு சேராமல் நிற்கும். ஆனால் இணையத்தில் வருவதோ மங்கலான இரண்டு புகைப்படங்கள். "மூடியைத் திறந்து ஒரு படம் அனுப்ப முடியுமா?" என்று கேட்டால் பதில் வராது. அல்லது "இஷ்டம் இருந்தா வாங்குங்க சார்" என்று வரும். இப்படி வாங்கிய ஒன்று என் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதன் முகப்பில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. புகார் கொடுத்தேன். "பழைய பொருள், உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது" என்று தளத்திலிருந்து ஒரு வரி பதில். உள்ளது உள்ளபடி என்றால் உள்ளதை அல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இந்த வியாபாரத்தின் முன்னோடியான இ-பே தொடங்கிய கதையை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். 1995-இல் பியர் ஒமிடியார் என்பவர் அமெரிக்காவில் அதை ஆரம்பித்தார். முதலில் விற்ற பொருள் உடைந்துபோன ஒரு லேசர் பாயின்டர். 14.83 டாலருக்குப் போனது. ஆச்சரியப்பட்ட ஒமிடியார், வாங்கியவருக்கு எழுதி, "இது உடைந்தது, தெரியுமல்லவா?" என்று கேட்டாராம். உடைந்த லேசர் பாயின்டர்களைச் சேர்ப்பதுதான் தன் பொழுதுபோக்கு என்று அவர் பதில் சொன்னாராம். எல்லோரும் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. பணம் வருகிறது என்று தெரிந்த பிறகும் விற்கிறவன் குறையைத் தானாகச் சொன்னான். அந்த ஒரு வரியைத்தான் இன்றைய தளங்களில் தேடித் தேடிக் களைத்துப்போகிறேன்.

அடுத்தது, கேட்கிறவன் யார் என்பது. இணைய ஏலத்தில் நாம் நம் உச்ச விலையை முன்கூட்டியே சொல்லிவிடலாம். நான் 2,000 என்று போட்டு, அடுத்தவர் 1,200 என்று போட்டிருந்தால், கணினி எனக்காக 1,200-ஐ விடச் சற்றே கூடுதலாகக் கேட்டு எனக்கு முடித்துவிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த "அடுத்தவர்" யார்? விற்கிறவரின் மைத்துனராக இருந்தால்? அவர் 1,300 என்பார், 1,500 என்பார், 1,800 என்பார். என் உச்ச விலை எங்கே இருக்கிறது என்று குச்சி விட்டு ஆழம் பார்க்கிற மாதிரி. கொஞ்சம் தாண்டிப் போய்விட்டாலும் நஷ்டமில்லை. இரண்டு நாள் கழித்து எனக்கு ஒரு செய்தி வரும்: "ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டவில்லை. உங்கள் விலைக்கே தருகிறோம், வேண்டுமா?" எனக்கு இப்படி ஒரே விற்பனையாளரிடமிருந்து மூன்று முறை வந்தது. மூன்று முறையும் "ஜெயித்தவர்" பெயர் ஒன்றே!

இது புதுத் தந்திரம் அல்ல. 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். விற்கிறவர் தானும் ஏலம் கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல், தானே கேட்பதோ ஆள் வைத்துக் கேட்பதோ சட்ட விரோதம். பொய்யாக ஏலம் கேட்டு விலையை ஏற்றியிருந்தால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையையே ரத்து செய்யலாம். அந்தச் சட்டம் எழுதிய காலத்தில் கணினி இல்லை, ஆனால் மைத்துனர்கள் இருந்தார்கள். அன்றைக்கே புரிந்துகொண்ட ஒரு விஷயத்தை, யார் எந்தக் கணினியிலிருந்து எத்தனை மணிக்கு நுழைந்தார் என்பது வரை கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் கண்டுபிடிக்க முடியாது என்றால் யார் நம்புவது? விலை ஏறினால் கமிஷனும் ஏறும். அதனால் தூங்குகிறவர்கள் அல்ல இவர்கள், தூங்குவதுபோல் நடிப்பவர்கள்.

மூன்றாவது, அவகாசம். இணைய ஏலம் பல தளங்களில் குறித்த விநாடியில் முடிந்துவிடும். ஐந்து நாள் ஒருவரும் கேட்க மாட்டார்கள். கடைசி ஐந்து விநாடியில், அதற்கென்றே மென்பொருள் வைத்திருப்பவர் நுழைந்து தட்டிக்கொண்டு போய்விடுவார். அறுபத்தெட்டு வயதில் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இதில் வாங்குகிறவனைவிட விற்கிறவனுக்கு நஷ்டம். இன்னும் இரண்டு பேர் கேட்டிருந்தால் அவனுக்கு நியாயமான விலை வந்திருக்குமே!

இதற்குத் தீர்வே இல்லையா என்றால், நம் வங்கிகளே செய்துகாட்டுகின்றன. கடன் கட்டாத சொத்துகளை மின்-ஏலம் விடும் வங்கி அறிவிப்புகளைப் பத்திரிகையில் பாருங்கள். கடைசி நேரத்தில் யாராவது விலை ஏற்றினால் மேலும் ஐந்து நிமிடம் நீட்டிக்கப்படும் என்று பல அறிவிப்புகளில் போட்டிருப்பார்கள். இதுதான் "இரண்டு தரம்" என்பதன் கணினி வடிவம். வீட்டுக்குச் செய்ய முடிந்ததைக் கைக்கடிகாரத்துக்குச் செய்ய முடியாதா?

இனி விற்கிறவன் கதை. வாங்குகிறவன் மட்டும்தான் ஏமாளி என்று நினைக்காதீர்கள். ஏலத்தில் ஜெயித்துவிட்டுப் பணம் கட்டாமல் காணாமல் போகிறவர்கள் பலர். பொருள் போய்ச் சேர்ந்த பிறகு "கண்ணாடி உடைந்திருக்கிறது" என்று சொல்லி, வேறொரு கடிகாரத்தைத் திருப்பி அனுப்பியவர் எனக்கே ஒருவர் வாய்த்தார். அவரைப் பற்றி மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்க வழியில்லை. இ-பே 2008-இல் ஒரு விதி மாற்றியது: விற்கிறவர் வாங்குகிறவரைப் பற்றிக் கெட்ட மதிப்புரை எழுதக் கூடாது. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. குறை சொன்ன வாங்குகிறவர்கள் மேல் விற்பனையாளர்கள் பழிவாங்கும் மதிப்புரை எழுதி வாயை அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவன் வாயைத் திறக்க இன்னொருவன் வாயைத் தைத்தால் சரியா? இரண்டு பேரும் எழுதி முடித்த பிறகு இரண்டையும் ஒன்றாக வெளியிட்டிருந்தால் பழிவாங்கலுக்கே இடமிருந்திருக்காது.

இந்தியாவில் இ-பே 2004-இல் பாஸி என்ற தளத்தை வாங்கி வளர்ந்தது, 2018-இல் அந்தக் கடை மூடப்பட்டது. இப்போது நம்மிடம் அதிகம் நடப்பது ஏலம் அல்ல, விளம்பரம் போட்டுவிட்டுப் பேரம். ஏலத்தில் இருந்த அரைகுறை ஒழுங்கும் போயிற்று. 3,000 ரூபாய் என்று போட்டால் "லாஸ்ட் ரேட் சொல்லுங்க" என்று ஒருவர். "500" என்று மட்டும் ஒருவர், வணக்கம்கூட இல்லை. "நாளைக்குக் காலையில் வருகிறேன்" என்று சொல்லி வராமலே போனவர்களை வரிசையாக நிற்க வைத்தால் எங்கள் தெரு போதாது.

அதைவிட மோசம், "ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள். பேரமே பேச மாட்டார்கள். "முழுப் பணமும் இப்போதே அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார்கள். என்னிடம் வந்தவரை நான் அப்படியே துண்டித்துவிட்டேன். எங்கள் அடுக்ககத்தில் கீழ் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கணவர் காலமான பிறகு அவர் உட்கார்ந்த சாய்வு நாற்காலியை விற்கப் போட்டார். கிடைக்க வேண்டியது 2,500. கணக்கிலிருந்து போனது 38,000. பணம் போனதைவிட, "இத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கா இப்படி?" என்று அந்த அம்மா யாரிடமும் பேசாமல் இருந்ததுதான் கொடுமை. உரக்கச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்: யூ.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பின் நம்பர் போட்டால் பணம் போகும், வராது. மோசம் போனால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

"எல்லாச் சந்தையிலும் ஏமாற்று உண்டு, மூர் மார்க்கெட்டில் இல்லாததா?" என்று கேட்பார்கள். இருந்தது. 1985-இல் எரிந்துபோகும் வரை சென்னையில் அங்கே ஏமாறாத மனிதன் குறைவு. ஆனால் அங்கே பொருளைத் தொட்டுப் பார்க்கலாம். ரேடியோவைப் போட்டுக் காட்டு என்று கேட்கலாம். ஏமாற்றிய கடைக்காரர் மறுநாளும் அதே கடையில்தான் உட்கார்ந்திருப்பார், போய்ச் சண்டை போடலாம். பாதிப் பணமாவது திரும்பும். இங்கே யாரோடு சண்டை போடுவது?

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 2001-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதன் சாரம் இது: பொருளின் குறை விற்கிறவனுக்கு மட்டுமே தெரிந்தால், வாங்குகிறவன் எதற்கும் நல்ல விலை தர மாட்டான். நல்ல விலை கிடைக்காது என்று நல்ல பொருள் வைத்திருப்பவன் ஒதுங்கிவிடுவான். கடைசியில் சந்தையில் சொத்தை மட்டும் மிஞ்சும். என்னைப்போல் கடிகாரம் சேர்க்கிறவர்கள் பலர் இப்போது தங்களுக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வது இதனால்தான்.

சட்டம் இல்லையா? நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் 2020-இல் வந்தன. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. ஆனால் வியாபாரமாகச் செய்யாமல் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனி மனிதருக்கு அவை பொருந்தா. அது நியாயம்தான், ஆசிரியையின் சாய்வு நாற்காலிக்குச் சட்டம் எதற்கு? ஆனால் அந்த வேஷத்தில் மாதம் ஐம்பது கடிகாரம் விற்கிறவனை யார் பிரித்துப் பார்ப்பது? தளம்தான் பார்க்க முடியும். பார்ப்பதில்லை.

நான் கேட்பது நான்கே நான்கு. பொருளின் குறைகளை எழுதாமல் விளம்பரம் ஏறக் கூடாது. ஆள் வைத்து விலை ஏற்றுகிறவரைக் கண்டுபிடித்து, அந்த விற்பனையின் கமிஷனை வாங்கியவருக்குத் திருப்பித் தர வேண்டும். கடைசி நிமிடத்தில் விலை ஏறினால் ஐந்து நிமிடம் நீட்ட வேண்டும். பொருள் கைக்கு வந்து பார்த்துச் சரி என்று சொல்லும் வரை பணம் தளத்திடமே இருக்க வேண்டும். இதில் எதுவும் ராக்கெட் விடுகிற வேலை அல்ல.

அதுவரை என் வழி இதுதான். நேரில் பார்க்காத பொருளை வாங்குவதில்லை, நேரில் வராதவருக்கு விற்பதில்லை. என் வயதுக்காரர்களுக்கும் அதையே சொல்கிறேன். எல்லோரும் இப்படி ஒதுங்கினால் இந்தத் தளங்களுக்குத்தான் நஷ்டம். அது அவர்களுக்குப் புரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.