களிக்கு என்ன கௌரவக் குறைவு?

ஓசூர்த் தொழிற்பேட்டையில் என் தங்கை மகன் வேலை பார்க்கிறான். சம்பளத்தில் பாதி ஊருக்குப் போகவேண்டும். மீதியில் பெரும் பகுதி ஹோட்டலுக்கு! மாதக் கடைசி வாரத்தில் இராப் போஜனம் ஒரு பன்னும் ஒரு கோப்பைத் தேநீருந்தான்.

"தெருக்கோடியில் களிக் கடை இருக்கிறதேயப்பா?" என்று கேட்டேன்.

"ஐயையோ மாமா! கூட வேலை செய்கிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?" என்றான்.

இவன் தாத்தா களி தின்று ஏர் பிடித்தவர். இவனோ ரேஷன் அரிசியில் வளர்ந்தவன். கிருஷ்ணகிரிச் சீமையின் மானாவாரிக் காடுகளில் விளைகிற கேழ்வரகில், 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. எல்லை தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் இதே உருண்டைக்கு 'ராகி முத்தே' என்று பெயர். பெங்களூர்ப் பட்டணத்தார் ஹோட்டலில் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள். நம்மவனுக்குத்தான் வெட்கம்!

மலிவான ஆகாரத்துக்காகச் சென்னையில் 2013-ல் அம்மா உணவகமும், பெங்களூரில் 2017-ல் இந்திரா உணவகமும் திறந்தார்கள். நல்ல காரியந்தான். ஆனால் ஓசூர்க்காரனுக்கு வழி காலடியிலேயே கிடக்கிறதே!

விடாமல் இழுத்துக்கொண்டு போனேன். இலையில் சுடச்சுட உருண்டை. பக்கத்தில் கீரைக் குழம்பு. பையன் மெல்லத் தொடங்கினான். பரிமாறிய அம்மாள் சிரித்துவிட்டாள்.

"மெல்லாதே கண்ணு! குழம்பிலே புரட்டி அப்படியே முழுங்கு."

பிறகு ஆளுக்கு ஒரு சொம்பு நீர்மோர். இருவருக்கும் ஆன செலவு, முதல் நாள் கண்ணாடிக் கதவு ஹோட்டலில் அவன் எனக்கு வாங்கித் தந்த ஒற்றைத் தோசைக்குக் காணாது.

கை கழுவப் போனோம். அங்கே அவனுடைய மேஸ்திரி வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.