இரண்டாவது யுபிஎஸ் எதற்காக?

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் சிவப்பு நிறத்தில் சில பிளக் பாயிண்டுகள் உண்டு. அவற்றில் கைப்பேசி சார்ஜரையோ வெந்நீர் வைக்கும் கெட்டிலையோ செருக வேண்டாம் என்று செவிலியர் சொல்லும்போது, உடனிருப்போர் பலர் அதை வீண் கெடுபிடி என்று எண்ணிக்கொள்கின்றனர். "கீழே இரண்டு பெரிய யுபிஎஸ் இருக்கின்றனவே, இரண்டும் பாதிச் சுமையில்தானே ஓடுகின்றன, ஒரு கெட்டிலால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று விவரம் அறிந்தவர்களும் கேட்கின்றனர். மின்பிரிவில் பணிபுரியும் எங்களுக்கு இது நியாயமான கேள்வியாகவே தோன்றுகிறது. ஆனால் அந்த இன்னொரு பாதி காலியாகவே இருக்க வேண்டும் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

2019 மே 7 அன்று மாலை, காற்றும் மழையுமாக இருந்த வேளையில், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மின்சாரம் தடைப்பட்டது. செயற்கைச் சுவாசத்தில் இருந்த நோயாளிகள் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். மாற்று மின்சாரம் உரிய நேரத்தில் கிடைக்காததே காரணம் என்று உறவினர்கள் குற்றஞ்சாட்டினர். நோயின் கடுமையே காரணம் என்று நிர்வாகம் விளக்கமளித்தது. யார் பக்கம் நியாயம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்தும் மேல்சிகிச்சைக்காகப் பலர் நாடிச்செல்லும் மருத்துவமனை அது. அதன் பிறகு எங்களிடம் வரும் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளில் "கரண்ட் போனால் என்ன செய்வீர்கள்?" என்பதும் சேர்ந்துகொண்டது. கேட்க வேண்டிய கேள்விதான் அது.

யுபிஎஸ் என்பதைப் பலர் மின்சாரம் போன பிறகு விழித்துக்கொள்ளும் பேட்டரி என்று கருதுகின்றனர். மருத்துவமனைகளில் உயிர்காக்கும் கருவிகளுக்கு வைக்கப்படும் யுபிஎஸ் அவ்வாறானதன்று. அது எந்நேரமும் உழைத்துக்கொண்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, அதை மீண்டும் தூய மாறுமின்சாரமாக்கிக் கருவிகளுக்குத் தருகிறது. இடையில் பேட்டரியும் நிரம்புகிறது. வெளி மின்சாரம் நின்றால் நேர்மின்சாரம் பேட்டரியிலிருந்து வரத் தொடங்குகிறது. வென்டிலேட்டருக்கு அந்த மாற்றம் தெரியவே தெரியாது. அதன் பக்கத்தில் ஒரு நொடியின் சிறு பகுதிகூட இடைவெளி விழுவதில்லை. ஜெனரேட்டர் கிளம்பிச் சுமையை ஏற்கப் பத்துப் பதினைந்து விநாடிகள் ஆகும். ஏதேனும் கோளாறு என்றால் சில நிமிடங்களும் ஆகலாம். அந்த இடைவெளியைப் பேட்டரி தாங்குகிறது.

அந்த யுபிஎஸ்ஸே பழுதாகிவிட்டால்? அதற்காகத்தான் இரண்டு யுபிஎஸ்களை இணையாக வைத்து, ஒரே சுமையைப் பகிர்ந்து சுமக்கச் செய்கிறார்கள். கரிசல் உழவில் நுகத்தில் பூட்டிய இரு காளைகளைப்போல என்று சொல்லலாம்; ஆனால் இங்கே ஒரு காளை படுத்துவிட்டாலும் மற்றது தனியாகவே இழுத்தாக வேண்டும். ஒன்றில் கோளாறு தோன்றினால் அது தானே விலகிக்கொள்ளும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முழுச்சுமையும் மற்றதன் தலைமேல் ஏறும். ஆகவே இரண்டின் மொத்தச் சுமை, ஒன்றின் தாங்குதிறனைக் கடக்கவே கூடாது. எடுத்துக்காட்டாக, தலா 20 கேவிஏ திறனுள்ள இரண்டு யுபிஎஸ் இருந்தால் நமக்குக் கிடைப்பது 40 அன்று, 20 தான். மீதி 20-ஐ யாரும் பயன்படுத்தாமல் விட்டுவைப்பதே அந்த ஏற்பாட்டின் பொருள். ஒரு கெட்டில் சுமார் 1500 வாட் இழுக்கும். ஒரு வென்டிலேட்டர் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியே எடுக்கும். நான்கு கெட்டில்கள் எத்தனை நோயாளிகளுக்கான இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்பதை வாசகரே கணக்கிடலாம். இந்த விதி மருத்துவமனை ஊழியர் அறையின் கெட்டிலுக்கும் பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சுமை மிகுந்தால் நடப்பதையும் அறிந்துகொள்வது நல்லது. கால்பங்கு மிகுதியைப் பெரும்பாலான யுபிஎஸ் சில நிமிடங்கள்வரை பொறுத்துக்கொள்ளும். அதன் பிறகு தன்னைக் காத்துக்கொள்ளப் பைபாஸ் என்னும் வழிக்கு மாறும். அதாவது, வெளி மின்சாரத்தை அப்படியே கருவிகளுக்கு விட்டுவிடும். இணையாக ஓடும் யுபிஎஸ்களில் ஒன்று மட்டும் இப்படி மாற முடியாது. ஒன்று வெளி மின்சாரத்தையும் மற்றது தான் உண்டாக்கும் மின்சாரத்தையும் ஒரே கம்பியில் செலுத்தினால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே அவை தமக்குள் ஒரு தகவல் கம்பியால் பேசிக்கொண்டு, எல்லாம் ஒரே கணத்தில் மாறுகின்றன, திரும்பும்போதும் அப்படியே.

முன்பு குருவாயூர் விரைவு வண்டியுடன் தூத்துக்குடிப் பெட்டிகளை மணியாச்சி சந்திப்பில் கோப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். வண்டியை நிறுத்திவைத்துத்தான் கோத்தார்கள். வென்டிலேட்டருக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்திவைக்க முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கோக்க வேண்டும். விநாடிக்கு 50 முறை ஏறி இறங்கும் வெளி மின்சாரத்தின் அலையும் யுபிஎஸ்ஸின் அலையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் அது இயலும். ஜெனரேட்டரின் வேகம் ஒருநிலையில் இல்லாவிட்டால் அலைகள் ஒத்துவராது. அப்போது பைபாஸ் வழியை நம்ப முடியாது. மின்தடை நேரத்தில் சுமையும் மிகுந்துவிட்டால் பைபாஸில் மின்சாரமே இராது. அப்போது யுபிஎஸ் நின்றுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு யுபிஎஸ் பழுதுபார்ப்பில் இருக்கும் நாளில் மின்தடையும் வந்து, மேலே இரண்டு கெட்டில்களும் கொதித்துக்கொண்டிருந்தால் நேரக்கூடியது இதுவே.

சிக்கனம் என்ற பெயரில் வரும் ஒரு யோசனையையும் இவ்விடத்தில் மறுக்கிறோம். பல யுபிஎஸ்களில் சிக்கன முறை ஒன்று உண்டு. அதில் வழக்கமாகவே பைபாஸ் வழியில் மின்சாரம் செல்லும். தடை வந்த பிறகே மற்ற முறைக்கு மாறும். மின்கட்டணத்தில் சில விழுக்காடு மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் கோடை இடியும் ஐப்பசி மழையும் மின்கம்பிகளோடு விளையாடும் நம் வட்டாரத்தில், ஒழுங்கற்று ஏறி இறங்கும் மின்சாரத்தை நேராக உயிர்காக்கும் கருவிக்குக் காட்டுவது தகாது. கணினி அறைக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளட்டும்.

வார்டில் மின்விசிறியே போதும் என்றிருக்கையில் ஆளில்லாத பேட்டரி அறைக்கு எதற்கு ஏசி என்றும் சிலர் கேட்கின்றனர். இவ்வகைப் பேட்டரிகள் 25 டிகிரி வெப்பத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். கரிசல் காட்டின் சித்திரை வெயிலை உங்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. சோதனை ஓட்டத்தின்போது வார்டின் பொது விளக்குகள் அணைந்து எரிவதைப் பற்றியும் முறையீடுகள் வருகின்றன. வெளி மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்தி, ஜெனரேட்டர் உண்மையான சுமையை ஏற்கிறதா என்று பார்க்காத ஏற்பாட்டை நம்பக் கூடாது. அந்தச் சில விநாடி இருட்டைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்கிறோம். அடுத்த சோதனை எப்போது என்று எங்களைக் கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

ஆக்சிஜன் செறிவூட்டியுடன் வீடு திரும்புவோருக்குத் தனியாகச் சில சொற்கள். வீட்டு இன்வெர்ட்டர் மேலே சொன்ன வகையைச் சேர்ந்ததன்று. மின்சாரம் போன பிறகே மாறும். பலவற்றின் பின்புறத்தில் யுபிஎஸ், சாதாரணம் என்று இரு நிலைகள் கொண்ட சுவிட்சு இருக்கும். மருத்துவக் கருவி ஓடும் வீட்டில் அது யுபிஎஸ் நிலையில் இருக்கட்டும். அந்நிலையில் மாற்றம் விரைவாக நடக்கும். ஒரு இன்வெர்ட்டர் போதவில்லை என்று, இரண்டாவதை வாங்கி இரண்டின் வெளிக்கம்பிகளையும் சேர்த்து முறுக்கித் தரும் பழக்கம் ஊர்களில் உண்டு. தயவுசெய்து அதற்கு இடம் தராதீர்கள். இணையாக ஓடவென்று செய்யப்படாத இன்வெர்ட்டர்களின் அலைகள் ஒத்திருக்க மாட்டா. இரண்டும் எரிந்துபோகும், வீட்டிலும் தீப்பிடிக்கலாம். கூடுதல் இன்வெர்ட்டர் தேவையென்றால் அதற்குத் தனிக் கம்பி, தனிப் பிளக் பாயிண்ட் வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்து லிட்டர் செறிவூட்டி பெரும்பாலும் 350 வாட் அளவில் மின்சாரம் எடுக்கும். 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று, புதிதாக இருந்தால், அதை மூன்று மணி நேரத்தை ஒட்டித் தாங்கலாம், பழையதானால் குறையும். அதற்கு மேல் நீளும் மின்தடைக்கு ஒரு சிறிய ஆக்சிஜன் உருளை வீட்டில் இருந்தாக வேண்டும். கருவியின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் வாட் அளவையும் உங்கள் இன்வெர்ட்டரின் விவரத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வார்டு செவிலியரிடம் காட்டுங்கள். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கணக்கிட்டு ஒரு தாளில் எழுதித் தருகிறோம்.