துணிச்சலுக்குப் புள்ளி போடாதீர்கள்

ஊடகக் கல்வி பயிலும் மாணவர் நால்வர் சென்ற வாரம் ஒரு குறும்படப் பிரதியுடன் என்னிடம் வந்தனர். கதைக்களம் மன்னார். தலைமன்னாரில் தண்டவாளத்தின் மீது தனியே நடக்கும் சிறுமி. ஆதாம் பாலத்து மணற்றிட்டை நோக்கிச் செல்லும் வள்ளம். அரிப்பு டொரிக் மாளிகையின் விளிம்பில் இறுதிக் காட்சி. எழுத்து நன்றாகவே இருந்தது. படித்து முடித்ததும், "வள்ளத்தில் எத்தனை பேர்? உயிர்காப்பு அங்கிகள் எத்தனை?" என்று கேட்டேன். "அதை அங்க போய்ப் பாத்துக்கொள்ளலாம் ஐயா" என்றார் இயக்குநர் தம்பி.

இந்தப் 'போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்னும் மனப்போக்கைக் கண்டிக்கவே இதனை எழுதுகிறேன்.

மன்னார், போய்ப் பார்த்துக்கொள்ளும் இடமன்று. சோளகக் காலத்தில் தீவின் தென்கடல் கொந்தளிக்கும். வாடைக் காலத்தில் வடகடல். எந்த மாதம் எந்தப் பக்கம் இறங்கலாம் என்பதைக் கரையில் வலை பின்னும் எந்த மீனவரும் இலவசமாகச் சொல்வார். தம்பிமார் குறித்திருந்ததோ டிசம்பர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வீசிச் சென்ற கடல் இது. மணற்றிட்டுகளோ 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை. சர்வதேச கடல் எல்லையை ஒட்டியவை. அனுமதியின்றிப் போகும் வள்ளத்தில் இருப்பவர் மாணவரா வேறெவருமா என்று கடற்படைக்கு எப்படித் தெரியும்? பிரெடரிக் நோர்த் கட்டிய டொரிக் மாளிகையின் அடிநிலத்தைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. பெருநிலப்பரப்பின் பற்றைக்காடுகளிலோ, மிதிவெடி அகற்றப்பட்ட இடம் எது, அகற்றப்படாத இடம் எது என்று கேட்டறியாமல் கால் வைக்கலாகாது. வெள்ளம் மிதிவெடியை இடம் நகர்த்தும் என்பதையும் நாம் அறிவோம்.

தண்டவாளக் காட்சியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2014 பெப்ரவரி 20ஆம் நாள் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில், ரயில் நிறுவனம் அனுமதி மறுத்திருந்தும் ஒரு படக்குழு ரயில் பாலத்தின் மீது கட்டில் போட்டுப் படமெடுத்தது. வந்த ரயிலில் சிக்கி ஒளிப்பதிவு உதவியாளர் சாரா ஜோன்ஸ் இறந்தார். வயது 27. இயக்குநர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

"எங்களிடம் பணமில்லை" என்பர் மாணவர். ஆபத்துகளை வரிசைப்படுத்தி எழுத ஒரு தாளும் பேனாவும் போதும். எது நடக்கலாம், யாருக்கு நடக்கலாம், தடுப்பது எப்படி, நடந்துவிட்டால் யாரை அழைப்பது, எந்த நிலையில் படப்பிடிப்பை நிறுத்துவது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? கடைசிக் கேள்வியே முக்கியம். அந்த அதிகாரம் இயக்குநரிடம் மட்டும் இருக்கக் கூடாது. காட்சியின் மீது ஆசை கொண்டவருக்கு அலை தெரியாது. தலைமன்னாரிலிருந்து மன்னார் பொது வைத்தியசாலைக்கு 25 கிலோமீற்றருக்கு மேல் என்பதும் அத்தாளில் இருக்கட்டும்.

ஆனால் மாணவரை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. அந்தத் தாளைக் கேளாமல் படத்துக்கு மட்டும் புள்ளி போடும் ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. எங்கள் பத்திரிகைத் தொழிலுக்கும் உண்டு. 2016இல் கர்நாடகத்தில் ஒரு படத்துக்காக ஹெலிகொப்டரிலிருந்து நீர்த்தேக்கத்தில் குதித்த இரு நடிகர்கள் உயிர்காப்பு அங்கியின்றி மூழ்கி இறந்தனர். தமக்கு நன்றாக நீந்தத் தெரியாது என்று குதிக்குமுன் தொலைக்காட்சிக்கு அவர்களே சொல்லியிருந்தனர். கேட்டுப் பதிவு செய்தவர்கள் தடுக்கவில்லை. 'உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம்' என்று புகழ்ந்து தலைப்பிட்டவர்களில் நானும் ஒருவன். இன்று அதை எண்ணி வெட்கப்படுகிறேன்.

பிரதியைத் தம்பிமாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தத் தாளை முதற் பக்கமாக வைத்துக் கொண்டுவரட்டும். வள்ளத்தின் வாடகையை நானே தருகிறேன். தண்டவாளத்தில் சிறுமி நடக்கும் காட்சிக்கு மட்டும் என்னிடம் ஒரு சதமும் கிடையாது.