நாற்பதடிக் கணக்கு
ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் இடைநிலை மாணவருக்கென அமைத்த ‘எக்கோமியூவ்’ என்ற மெய்நிகர் உலகைப் பற்றி வாசித்தேன். திரைக்குள் ஒரு குளம். ஒருநாள் மீன்கள் செத்து மிதக்கின்றன. பிள்ளைகள் நாட்களை முன்னும் பின்னும் நகர்த்தி, நீரை அளந்து, காரணம் தேடுகிறார்கள். கடைசியில் அகப்படுவது மழையோடு வந்து சேர்ந்த உரம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து வாசிக்கிறவருக்கு இது அந்நியக் கதையல்ல. நமது செம்மண் தோட்டங்களில் இடுகிற உரம் நைத்திரேற்றாகக் கிணற்றில் இறங்குவது பல்லாண்டாகப் பேசப்படும் சங்கதி. ஆனாலும் எனக்குப் பட்டது வேறு. கல்லையும் மண்ணையும் தொட்டுப் பார்க்கத் திரை எதற்கு? கீரிமலைக்கு ஒரு பஸ் போதும். திரை வேண்டியது காலடியில் கிடப்பதைக் காட்டத்தான். மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் மழைநீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நிற்கும். மேலே ஓரடி குறைந்தால், காலப்போக்கில் உப்பு அதே 40 அடி ஏறிவரும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உவர் என்று எட்டாந் தரப் பிள்ளைக்கு வாயால் சொல்லலாம், பரீட்சையோடு மறந்துவிடும். இருபது வருட இறைப்பைத் திரையில் ஐந்து நிமிடத்தில் ஓட்டிக் காட்டினால், மோட்டரை நிறுத்தச் சொல்லி அந்தப் பிள்ளை தகப்பனோடு வாதாடும். அமெரிக்கக் குளத்தைத் தமிழாக்கித் தருவதில் எனக்கு ஆர்வமில்லை. இங்கே பல்கலைக்கழகத்தில் கணினி படிப்பவர்களும் புவியியல் படிப்பவர்களும் ஒரே மதிலுக்குள்தானே இருக்கிறார்கள். நிலாவரையை அவர்கள் சேர்ந்து திரைக்குள் கட்டட்டும்.